ஒரு சுற்று வித்தியாசம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பையனுக்கு மெக்கானிக்கலில் இடம் கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதைப் படித்து என்ன பண்ணப்போகிறான் என்று வீட்டில் கேட்கிறார்களாமே. அவனுக்கு கார் பந்தய வீரர் ஆலன் குல்விக்கியைப் பற்றிச் சொல்.

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயம் உனக்குத் தெரியும். வருஷம் முழுக்க நடக்கும் பந்தயங்களில் சேரும் புள்ளிகளை வைத்துத்தான் அதில் சாம்பியன் பட்டம். அந்தக் காலத்தில் அதில் தென்மாநிலக்காரர்கள்தான் அதிகம். அப்பாவைப் பார்த்து ஓட்ட வந்தவர்கள் நிறைய. குல்விக்கி வடக்கே விஸ்கான்சின்காரர். 1977-இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர். சொந்தமாகச் சின்ன அணி வைத்து 1986-இல் சிறந்த புதுமுகம் ஆனார். பெரிய அணி வைத்திருந்த ஜூனியர் ஜான்சன் கூப்பிட்டும் போகவில்லை. தன் காரைத் தானே பார்த்துச் செய்ய வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

1992-இல் இன்னும் ஆறு பந்தயங்களே பாக்கி இருந்தபோது, டோவர் பந்தயத்தில் கார் மோதி, முதலிடத்துக்கு 278 புள்ளி பின்தங்கிவிட்டார். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் நவம்பர் 15-இல் அட்லாண்டாவில் கடைசிப் பந்தயம் தொடங்கியபோது, முதலிடத்தில் இருந்த டேவி அலிசனுக்கும் இவருக்கும் இடையே 30 புள்ளிதான். பில் எலியட் இவருக்கு 10 புள்ளி பின்னால். நடுவில் அலிசன் மோதலில் சிக்கிக்கொள்ள, மீதிப் போட்டி இந்த இருவருக்குள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு 5 புள்ளி கூடுதல். அதை மனத்தில் வைத்து, தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸ் எண்ணிக்கொண்டே இருந்தார். தேவையான சுற்றுகள் முடியும்வரை குல்விக்கியைப் பெட்ரோல் போடக் கூப்பிடவில்லை. பந்தயத்தை எலியட் ஜெயித்தார், இவர் இரண்டாவது. ஆனால் குல்விக்கி முன்னணியில் ஓடியது 103 சுற்று, எலியட் 102. பட்டம் 10 புள்ளியில் இவருக்கு. அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் புள்ளிகள் சமமாகி, அந்த வருஷம் அதிகப் பந்தயங்கள் ஜெயித்த எலியட்டே சாம்பியன். பெரிய முதலாளி யாரும் இல்லாமல் இவ்வளவு துல்லியமாக ஜெயித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அனுபவிக்க மட்டும் நாள் கிடைக்கவில்லை. 1993 ஏப்ரல் 1-இல் பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். வயது 38. அந்த ஞாயிறு பிரிஸ்டலில் ஜெயித்த ரஸ்டி வாலஸ், குல்விக்கி தன் முதல் வெற்றியில் செய்தது போலவே, தடத்தில் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார். ஜூலையில் டேவி அலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். அந்த வருஷத்தை நினைத்தாலே மனசு கனக்கிறது.

சரி, பையன் லீவுக்கு வரும்போது இங்கே அனுப்பிவை. அந்த அட்லாண்டா பந்தயத்தை அவனோடு உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
பாஸ்கர்