பெட்டி எங்க சார் இருக்கு?

பல்கலைக்கழக இயற்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். குவாண்டம் இயக்கவியல் தாளில் 'பெட்டிக்குள் துகள்' கணக்கை வருடா வருடம் நடத்தும் ஆசிரியன் நான். சுவர் முடிவிலி உயரம், துகளுக்குச் சில ஆற்றல் நிலைகள் மட்டும் என்று வருவித்து, பத்து மதிப்பெண்ணோடு மூடிவிடுகிறோம். போன பருவத்தில் கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி கேட்டாள்: "இந்தப் பெட்டி எங்க சார் இருக்கு?"

705 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2013இல் ஏவப்பட்ட, பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் வெப்ப உணரியில்.

காலியம் ஆர்சனைடு ஒரு குறைக்கடத்தி. அலுமினியம் கலந்த காலியம் ஆர்சனைடு அடுக்குகள் இரண்டுக்கு நடுவே, வெறும் காலியம் ஆர்சனைடைச் சில நானோமீட்டர் தடிமனுக்கு வளர்த்தால் அதுதான் பெட்டி. இருபுற அடுக்குகள்தான் சுவர், உள்ளே சிக்கிய எலக்ட்ரான்தான் துகள். சுவர் முடிவிலி உயரம் இல்லை, அவ்வளவுதான். தரையிலிருந்து வரும் 11 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஃபோட்டானின் ஆற்றல் 0.11 எலக்ட்ரான் வோல்ட். காலியம் ஆர்சனைடின் பட்டை இடைவெளியோ (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) 1.42 எலக்ட்ரான் வோல்ட், அதைத் தாண்ட இந்த ஃபோட்டானால் ஆகாது. ஆனால் பெட்டியின் கீழ்நிலையில் கிடக்கும் எலக்ட்ரானைச் சுவர் விளிம்புக்கு ஏற்றிவிட இது போதும். அதை வெளியே இழுத்து மின்னோட்டமாக்கும் மிச்ச வேலையை மின்னழுத்தம் பார்த்துக்கொள்ளும். வேறு அலைநீளம் வேண்டுமா? அடுக்கின் தடிமனையும் அலுமினிய அளவையும் மாற்றினால் சரி. 1987இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லெவின் குழுவினர் இப்படியோர் உணரியைச் செய்து காட்டினார்கள்.

இதன் குறைகளையும் பாடத்தில் வையுங்கள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். நேர்செங்குத்தாக விழும் ஒளியை இந்தப் பெட்டி கண்டுகொள்வதே இல்லை. ஒளியின் மின்புலம் அடுக்குகளுக்குச் செங்குத்தாக அமைந்தால்தான் எலக்ட்ரான் தாவும். அதற்காகவே பரப்பில் கீற்றணி (நுண்ணிய கோடுகளின் வரிசை) பொறித்து ஒளியைத் திருப்புகிறார்கள். 'தேர்வு விதி' (எந்தத் தாவல் நடக்கும், எது நடக்காது என்ற விதி) என்று ஒரே வரியில் நாம் தாண்டிப்போகும் விஷயம் அங்கே படுத்தும் பாடு இது! அப்புறம், வெப்பமே எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும் என்பதால் உணரியை 43 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்க வேண்டும். அகச்சிவப்பு உணரிக்குப் பயன்படும் இன்னொரு பொருளான பாதரச காட்மியம் டெல்லூரைடு இதைவிட அதிக ஃபோட்டான்களைப் பிடிக்கும்தான். ஆனால் நீண்ட அலைநீளத்துக்கு அதைப் பெரிய பரப்பில் சீராக வளர்ப்பது கடினம். காலியம் ஆர்சனைடு அந்த வம்பு செய்யாது.

புது அலகு கேட்கவில்லை. வருவித்தல் வினா ஒன்றை எடுத்துவிட்டு, சுவரின் உயரத்தையும் காலியம் ஆர்சனைடுக்குள் எலக்ட்ரானின் பயனுறு நிறை (அங்கே அது நடந்துகொள்ளும் நிறை) தனி எலக்ட்ரானின் நிறையில் 0.067 மடங்கு என்பதையும் கொடுத்து, 11 மைக்ரோமீட்டருக்கு அடுக்கு எத்தனை நானோமீட்டர் என்று கேளுங்கள். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். தங்கள் ஊரின் வெப்பப் படத்தை மாணவர்களே இறக்கிப் பார்க்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், மாதிரி வினாக்களை விடையோடு எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியன்