சாளையில் கிடந்த இன்ஜின்

பொள்ளாச்சி

அன்பு மகனுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும் மருமகள், குழந்தைகள் நலமும் அறிய ஆவல்.

போன மாதம் தொலைபேசியில் பேசியபோது, தோட்டத்து வீடான சாளையில் கிடக்கும் இன்ஜின் உன் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், செவர்லே காரிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும் என்று சொன்னாய். அவர் அந்தக் காரின் அருகில் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. அப்படி நினைத்ததில் தவறில்லை. பழைய இரும்பு வாங்க வந்தவரோ, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் வார்த்திருந்த எழுத்தைப் படித்துவிட்டு இது ஜெனித் கம்பெனி இன்ஜின் என்று அடித்துச் சொன்னார். இரண்டும் இல்லை, கண்ணு. இது ஃபோர்டு ஏ மாடல் காரின் இன்ஜின். ஜெனித் என்பது கார்புரேட்டர் செய்தவர்களின் பெயர் மட்டுமே. இதை என்ன செய்வது என்று நாம் முடிவெடுக்கும் முன் உனக்கும் ஐயம் தீர வேண்டும் என்பதால், கண்டுபிடித்த விதத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் காலத்துச் செவர்லேயில் வால்வுகள், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும். அவற்றை அழுத்தும் ராக்கர்களும் மேலேதான். நம்முடையதில் ஹெட் வெறும் தட்டையான வார்ப்பிரும்புப் பலகை. வால்வுகள் பக்கவாட்டில், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள்ளேயே நிற்கின்றன. அதனால் செவர்லே அப்போதே கழிந்தது. ஹெட்டின் மேல் நடுவில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஸ்பார்க் பிளக்குகளுக்கு ஒயர் போகவில்லை, பித்தளைப் பட்டைகள் போகின்றன. மூன்று பட்டைகள் பத்திரமாக உள்ளன; நான்காவதன் இடத்தில் யாரோ முறுக்கிக் கட்டிய செப்புக் கம்பி இருக்கிறது. ஏ மாடலுக்கு முன் வந்த ஃபோர்டு டி மாடலாக இருக்கலாமே என்று பட்டறைக்காரர் கேட்டார். டி மாடலில் இத்தகைய டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. மிகத் தொடக்கத்தில் வந்த சில வண்டிகளைத் தவிரத் தண்ணீர் பம்பும் கிடையாது. நம்முடையதில் ஹெட்டின் முன்முகத்திலேயே பம்பு இருக்கிறது. ஏ மாடலுக்குப் பின் 1932இல் வந்த பி மாடலில் பெட்ரோல் பம்பு உண்டு. ஏ மாடலில் டேங்க் கண்ணாடிக்குக் கீழே உயரத்தில் இருந்ததால் பெட்ரோல் தானாகவே இறங்கிவிடும். நம் பிளாக்கிலும் பெட்ரோல் பம்பு பொருத்த இடமே இல்லை.

இவ்வளவும் உருவத்தைப் பார்த்துச் சொன்னது. இன்ஜின் எண் கிடைக்கும் வரை எனக்கு மனம் அடங்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தால் இடப்பக்கம் வரும் பகுதியில், பிளாக்கினுள் தண்ணீர் நுழையும் வாய்க்கு நேர் மேலே, ஒரு சிறு மேடு இருக்கும். எண்ணை அங்கேதான் குத்தியிருப்பார்கள். நம்முடையதில் அந்த இடம் முழுவதும் கிரீஸும் செம்மண்ணும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. பட்டறைக்காரர் கிரைண்டரை எடுத்தார். எனக்குப் பதறிவிட்டது; குத்திய எழுத்துக்கு ஆழம் மிகக் குறைவு, ஒருமுறை தேய்த்தால் போனது போனதுதான். மண்ணெண்ணெய் நனைத்த துணியை இரவு முழுவதும் அதன்மேல் போட்டுவைத்து, மறுநாள் பித்தளைத் தூரிகையால் மெல்லத் துடைத்தேன். பிறகு சாக்பீஸைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தேய்த்து, மேலே படிந்ததை மட்டும் உள்ளங்கையால் வழித்துவிட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை எனக்கு. ஆனாலும் அந்தக் கறுத்த இரும்பில் முதலில் சி, அடுத்து ஏ, அதன்பின் இலக்கங்கள் என்று வெள்ளையாக எழுந்து வந்தபோது கை நடுங்கியது. அதைத் தாளில் பென்சிலால் ஒற்றியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் செய்த ஏ மாடல் இன்ஜின்களின் எண் ஏ என்ற எழுத்தில் தொடங்கும். கனடாவில் செய்தவற்றுக்கு சி ஏ. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நாடுகளில், பிரிட்டன் நீங்கலாக, ஃபோர்டு கார் விற்கும் உரிமை கனடா கம்பெனியிடம் இருந்தது. 1926இல் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் ஃபோர்டு கால் வைத்ததும் அந்தக் கம்பெனியின் கிளையாகத்தான். அதன் தொழிற்சாலை இருந்த வின்ட்சர், நீ இருக்கும் டொராண்டோவிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். கனடாவின் எண் வரிசை தனி. ஆகவே அமெரிக்க அட்டவணையை வைத்து ஆண்டைக் கணக்கிட்டுவிடாதே. கனடா எண்ணுக்கான பட்டியலையே தேடிப் பார்.

அளவும் எடுத்தோம். சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிப் பன்னிரண்டு நாள் ஊறவிட்ட பிறகே ஹேண்டில் அசைந்தது. ஏ மாடலுக்குச் சிலிண்டர் விட்டம் 98.4 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 108 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 3,285 சிசி. எனக்கு விட்டம் 99.4 என்று வந்தது. முதலில் குழம்பினேன். எப்போதோ சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்து, சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்பது பிறகே புரிந்தது. விட்டம் இப்படி மாறலாம்; ஸ்ட்ரோக்கை, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் அல்லவா தீர்மானிக்கிறது? அது சரியாக 108 இருந்தது. டி மாடலில் அது 101.6தான்.

மாடு பூட்டிக் கவலை இறைப்பதை நிறுத்திவிட்டு அப்புச்சி இந்த இன்ஜினைக் கிணற்றுப் பம்புக்குப் பூட்டியதும், தோட்டத்துக்குக் கரண்ட் வந்த பிறகு சாளைக்குள் தள்ளியதும் உனக்குத் தெரிந்த கதை. அவருடைய கை பட்ட பொருள் என்பதற்காகவே இதை இரும்பு விலைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஊருக்கு வரும்போது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாய். இப்போது வேண்டாம், ராசா. இதன் முக்கியமான பேரிங்குகள் பேபிட் என்னும் மென்மையான வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்தவை. அறுபது ஆண்டு காய்ந்து கிடந்ததை, ஆயில் ஏறும் முன் ஓட்டினால் அவை தேய்ந்து போகும். ஆயில் பேனை இறக்கி, வண்டலை வழித்து, பேரிங்குகளைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம். அதுவரை சிலிண்டர்களில் ஆயில் விட்டு, பிளக்குகளை மாட்டி, தேக்குப் பலகைமேல் ஏற்றிப் பருத்திப் போர்வையால் மூடி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

ஹெட்டைக் கழற்றும்போது, அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருந்த கேஸ்கட் தகடு ஒட்டிக்கொண்டு கிழிந்துவிட்டது. ஏ மாடலுக்குச் செப்பு கேஸ்கட் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒன்று வாங்கி, மடங்கிவிடாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, பெட்டியின் அடியில் போட்டு எடுத்து வா.

அன்புடன்,
அம்மா