கார்டினாலே சார், சாவியைக் கால்பந்து தெரிந்தவரிடம் கொடுங்கள்

மே 2025

மதிப்பிற்குரிய ஏசி மிலான் கிளப்பின் உரிமையாளர் ஜெர்ரி கார்டினாலே அவர்களுக்கு,

வணக்கம். 2024-25 இத்தாலிய லீக் சீசனின் கடைசி ஆட்டத்தில் மோன்சாவை 2-0 என்று ஜெயித்துவிட்டோம். ஏற்கெனவே தரமிறங்கிவிட்ட அணியை, அதுவும் சொந்த மைதானத்தில். ஸ்கோர் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும், சான் சிரோவின் தெற்கு கேலரி வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. ரசிகர்கள் தாங்களே எழுத்தாக நின்று 'கோ ஹோம்' என்று காட்டிவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இத்தாலிய மொழியில் எழுதினால் அமெரிக்கா வரை போய்ச் சேராதோ என்று ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த மரியாதையையாவது கவனியுங்கள்.

63 புள்ளி, எட்டாவது இடம், அடுத்த வருடம் ஐரோப்பாவில் எந்தப் போட்டியும் கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். நான் சொல்ல வந்தது பிப்ரவரி 18 ராத்திரியைப் பற்றி, ஏனென்றால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாம்பியன்ஸ் லீக் பிளே-ஆஃப், நெதர்லாந்து கிளப்பான ஃபெயனூர்டுடன் இரண்டு ஆட்டம், மொத்த கோலில் முந்துபவர் அடுத்த சுற்றுக்கு. ஃபெயனூர்ட் தன் கோச்சை வேலையை விட்டு அனுப்பி இரண்டு நாள்கூட ஆகாத நிலையில்தான் முதல் ஆட்டம். ரோட்டர்டாமில் மூன்றாவது நிமிடம், அவர்களின் பைஷாவ் அடித்த பந்து நம் கோல்கீப்பர் மென்யான் கையில் பட்டு நழுவி உள்ளே போனது, 1-0. சரி, கோல்கீப்பருக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு. அடுத்த வாரம் சான் சிரோவில், அதே ஃபெயனூர்டிடமிருந்து அந்த மாதம்தான் வாங்கி வந்த ஹிமெனெஸ், முதல் நிமிடத்திலேயே தலையால் கோல் போட்டார். கணக்கு சமன். பந்து முழுக்க நம் காலில். இன்னொரு கோல் வரும் என்று நடுராத்திரியில் டீ போட எழுந்தவன் நான். திரும்பி வந்தால் நம் டிஃபெண்டர் தியோ எர்னாண்டஸ் தரையில் கிடக்கிறார். முதல் பாதியில் ஒரு மஞ்சள் அட்டை வாங்கியவர், 51வது நிமிடத்தில், யாரும் தொடாமலே பெனால்டி கேட்டு விழுந்து இன்னொன்றை வாங்கிக்கொண்டார். பத்துப் பேர். ஃபெயனூர்டின் கரான்சா தலையால் முட்டினார், 1-1, இரண்டு ஆட்டமும் சேர்த்து 1-2, கதை முடிந்தது. டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது.

தியோவைத் திட்டி முடித்துவிடலாம்தான். ஆனால் அதே தியோவும் ஃபார்வர்டு லியாவோவும் ஆகஸ்ட் மாதம் லாசியோ ஆட்டத்தில், தண்ணீர் இடைவேளையில் அணி மொத்தமும் கோச்சைச் சுற்றி நிற்க, எதிர்ப்பக்கத்தில் தனியாக நின்றார்களே, அன்றைக்கே யாராவது உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டாமா? ஃபியொரெந்தினாவுடன் இரண்டு பெனால்டி. அடிக்க வேண்டியவர் புலிசிச் என்று முடிவாகியிருந்தும் வேறு இருவர் ஆளுக்கொன்றாக எடுத்து வீணடித்தார்கள். தலை இருக்க வால் ஆடக் கூடாது என்பார்கள். இங்கே தலை எது என்பதே தெரியவில்லை. சி.இ.ஓ. ஃபுர்லானி ஒரு பக்கம், டெக்னிக்கல் டைரக்டர் மொன்காதா ஒரு பக்கம், நான்தான் பாஸ் என்று கேமரா முன்னால் சொல்லிவிட்டுப் போன முன்னாள் வீரர் இப்ராஹிமோவிச் ஒரு பக்கம். கேட்டால் அவர் ஆலோசகராம்.

அதனால்தான் கேட்கிறேன்: கால்பந்து தெரிந்த ஒருவரை ஸ்போர்ட்டிங் டைரக்டராக வைத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

அப்படி ஒருவர் இருந்தார். நம் பழைய கேப்டன் மால்தீனி. 2022இல் லீக் பட்டம், மறு வருடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, உடனே அவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அப்புறம் இந்த சீசனைத் தொடங்கிய கோச் ஃபொன்செகா. ரோமாவுடன் 1-1, பத்திரிகையாளர்களிடம் பேசி முடித்தார், கொஞ்ச நேரத்தில் காரில் வெளியே வரும்போது, ஆமாம், என் வேலை போய்விட்டது என்று அவரே நிருபர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். 125 வருடக் கிளப், ஐயா. எங்கள் ஊரில் மளிகைக் கடைப் பையனைக்கூட இப்படி நிறுத்த மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த சீசனில் நம் ஊர் எதிரி இன்டருடன் ஐந்து ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை, மூன்றில் ஜெயித்தோம். ரியாத்தில் 0-2இல் இருந்து 3-2, இத்தாலிய சூப்பர் கோப்பை, புது கோச் கொன்சேசாவின் சுருட்டு, ஆட்டம் பாட்டம் எல்லாம் ஆனது. இன்று இன்டர் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போகிறது, நாம் கோப்பா இத்தாலியா இறுதியில் பொலோன்யாவிடம் 0-1 தோற்று வீட்டில் இருக்கிறோம். ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொடாமல் இருந்த கிளப் பொலோன்யா. அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அங்கே யார் முடிவெடுக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் மன்னியுங்கள். நீங்கள் 120 கோடி யூரோ போட்டவர், உங்கள் சொத்து. நாங்கள் போட்டது தூக்கம் மட்டும்தான். இப்போது ரெய்ண்டர்ஸை மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கப் போவதாகச் செய்தி வருகிறது, இந்த சீசனில் நாங்கள் நம்பிப் பார்த்த ஒரே மிட்ஃபீல்டர். விற்பதற்கு முன்னால் தயவுசெய்து அந்த ஒரு நியமனத்தைச் செய்துவிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்து, விற்றால் பரவாயில்லை என்று சொன்னால், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட ஒரு மிலான் ரசிகன்