முடிவு தெரிஞ்ச கதைன்னு ஒதுக்கிடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ப்ரீக்வல் படங்களைப் பத்தி, அதாவது ஏற்கனவே வந்த படத்துக்கு முன்னாடி நடந்த கதைய சொல்ற படங்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். பாதிக்கு மேல எனக்கும் ஒத்துப்போகுது, கல்லா கட்டத்தான் பழைய ஹீரோவோட சின்ன வயசைத் தோண்டுறாங்கன்றது உண்மைதான். ஆனா கடைசில முடிவு தெரிஞ்ச கதையில என்ன சுவாரசியம் இருக்கப்போகுதுன்னு ஒரே போடா போட்டுட்டாங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. கர்ணன் சாகப்போறான்னு தெரிஞ்சுதானே விடிய விடிய கூத்து பாக்குறோம்? சரி அத விடுங்க, கட்டுரையில சூப்பர்ஹீரோ படங்களைத்தான் போட்டுத் தாளிச்சிருந்தாங்க, அதுலருந்தே ஒண்ணு சொல்றேன். 2011ல வந்த எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ், பிறவியிலேயே விசேஷ சக்தி இருக்குற ஆளுங்களைப் பத்தின எக்ஸ்-மென் பட வரிசைக்கு முன்கதை.

அந்தப் படத்து மேல எனக்கு துளி நம்பிக்கை கிடையாது. 2006ல வந்த மூணாவது பாகத்துல முக்கியமான ஆளுங்களையெல்லாம் போற போக்குல போட்டுத் தள்ளியிருந்தாங்க. 2009ல அந்த வரிசையோட ஹீரோ வுல்வரினோட முன்கதைன்னு ஒண்ணு விட்டாங்க, அதுல ஓயாம வாயடிக்கிற டெட்பூல்ன்ற பாத்திரத்தோட வாயையே தச்சு வச்சிருந்தாங்க, ஒரு ரசிகனை இதுக்கு மேல எப்படி சார் வெறுப்பேத்த முடியும். அதுக்கப்புறம் இந்தப் படத்து போஸ்டர், கருப்பு நிழலுக்கு நடுவுல நடிகரோட தலைய மட்டும் வெட்டி ஒட்டுன மாதிரி, பாத்தவன்லாம் சிரிச்சான். ஷூட்டிங்கும் 2010 ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு அடுத்த ஜூன்ல ரிலீஸ், இவ்ளோ அவசரமா கிண்டுனா அடி பிடிக்காம என்ன செய்யும்னுதான் போய் உக்காந்தேன்.

ஆரம்பத்துலயே வாயடைச்சுப் போச்சு. 1944, போலந்துல நாஜி முகாம். மேசைக்கு அந்தப் பக்கம் வில்லனா வர்ற கெவின் பேகன், இந்தப் பக்கம் இரும்பு மாதிரி உலோகத்தைத் தொடாமலே அசைக்கிற சக்தி இருக்குற சின்னப் பையன் எரிக். சாக்லேட்டு வேணுமான்னு வில்லன் கேக்குறான், மேசைல ஒரு காச வச்சு நகத்துங்கறான். அதுவரைக்கும் ஏதோ ஒரு ஆபீஸ் ரூம்னு நெனச்சுட்டு இருப்போம், கேமரா திரும்புனதும் எதிர்ப் பக்கம் பூரா கண்ணாடி, அதுக்குப் பின்னாடி ஆபரேஷன் கத்தியும் ரம்பமும் வரிசையா தொங்குது. பையனால காச நகத்த முடியல. வில்லன் மூணு எண்ணுறான், பையனோட அம்மாவ சுட்டுடுறான். அப்புறம்தான் அந்தப் பையனுக்கு ஆத்திரம் வந்து மேசை மணி, இரும்பு அலமாரி, காவலுக்கு நின்னவங்க தலைல இருந்த ஹெல்மெட்டு எல்லாம் நசுங்குது. அந்தக் காச அவன் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருக்கான், அது எங்க போய் முடியுதுன்னு படம் பாத்தவங்களுக்குத் தெரியும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அடுத்தவங்க மனசுக்குள்ள போற சக்தி இருக்குற சார்லஸும் இந்த எரிக்கும் பின்னாடி பரம எதிரிங்க ஆவாங்கன்னு 2000ல வந்த முதல் பாகத்துலருந்தே நமக்குத் தெரியும். அதனாலதான் இதுல அவங்க சிநேகிதமா இருக்குற ஒவ்வொரு சீனும் வலிக்குது. தூரத்துல ஒரு பெரிய ரேடார் தட்டு, அதத் திருப்புன்னு சார்லஸ் சொல்றான், எரிக்கால முடியல. கோபம் மட்டும் போதாதுன்னு அவன் மனசுக்குள்ள போய், அம்மா விளக்கேத்துன ஒரு பழைய ராத்திரிய எடுத்துக் குடுக்குறான், தட்டு திரும்புது, ரெண்டு பேரு கண்ணுலயும் தண்ணி. சார்லஸா வர்ற ஜேம்ஸ் மெக்கவாயும் எரிக்கா வர்ற மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் பெருசா எதுவும் பண்றதில்ல அந்த இடத்துல, சிரிக்கிறாங்க அவ்ளோதான். இவங்க பிரியப்போறாங்கன்னு தெரியாதவனுக்கு அது வெறும் ட்ரெய்னிங் சீன்.

கதைய, அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போர் விளிம்பு வரைக்கும் போன 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில கொண்டுபோய் வச்சதும் கெட்டிக்காரத்தனம். அதுவும் முடிவு தெரிஞ்ச கதைதானே, உலகம் அழியல, நாம இருக்கோம். படத்துல வில்லன் முதல்ல துருக்கில அமெரிக்க ஏவுகணைய வைக்க ஒரு ராணுவ அதிகாரிய மிரட்டுறான். அது சும்மா அடிச்சுவிட்டதில்ல, துருக்கில நெசமாவே ஜூபிடர்ன்ற அமெரிக்க ஏவுகணைங்க இருந்துச்சு, அத எடுத்துடுறோம்னு கென்னடி தரப்பு ரகசியமா ஒத்துக்கிட்டதும் அந்தப் பிரச்சனை தீந்ததுக்கு ஒரு காரணம். டைரக்டர் மேத்யூ வான் இந்த இடுக்குல கதைய சொருகியிருக்கார்.

குறையே இல்லன்னு சொல்ல வரல. எம்மா ஃப்ராஸ்ட்டா வர்றவங்க முகத்துல ஒண்ணுமே ஓடல. பீஸ்ட்ன்ற பாத்திரத்தோட நீல மேக்கப் பாத்தா பொம்மைக்கடை ஞாபகம் வருது. டார்வின்ற பையனோட சக்தியே எதுலயும் தப்பிச்சுக்கிறதுதான், அந்தக் கறுப்பினப் பையனையே டீம்ல முதல்ல சாகடிச்சிருக்காங்க, எழுதுனவங்களுக்கு இது உறுத்தவே இல்லையா?

போன மாசம் அக்கா பையனுக்குப் போட்டுக் காட்டுனேன். எட்டாவது படிக்கிறான், பழைய பாகம் எதுவும் பாத்ததில்ல. கடற்கரைல எரிக் தட்டிவிட்ட குண்டு சார்லஸ் முதுகுல பாஞ்சப்ப கையில இருந்த செல்போனைக் கீழ வச்சுட்டான், படம் முடிஞ்சதும் பழைய பாகமெல்லாம் போடு மாமான்னு ஒரே அடம். மூணாவது பாகத்து ஆரம்பத்துல, 1962க்கு எத்தனையோ வருஷம் கழிச்சு, சார்லஸ் வயசான காலத்துல ஜம்முன்னு நடந்து வராரு. "மாமா, இவருக்குத்தான் காலு வராதே?"ன்னான். பேசாம பாருடான்னு சொல்லி வச்சிருக்கேன். உங்க கட்டுரையாளருக்கு பதில் தெரிஞ்சா அடுத்த இதழ்ல போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.