மார்கழியில் ஊரிலேயே தங்கிய பத்தாம் வகுப்பு

அன்புடையீர்,

வணக்கம். ஜவ்வாது மலையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியை எழுதுகிறேன். கடந்த கல்வியாண்டில் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் பொதுத்தேர்வு எழுதினார்கள். எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிடவில்லை. இரண்டு பேர் துணைத்தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதனால் 'நூற்றுக்கு நூறு' என்று பள்ளி வாசலில் பேனர் கட்ட வழியில்லை. ஆனால் மலையில் பாடம் நடத்தியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் தேர்வறைக்கு வந்து உட்கார்ந்ததே எத்தனை பெரிய காரியம் என்று சொல்வார்கள். அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் சாமை அறுவடை கார்த்திகையோடு முடிந்துவிடும். அதன் பிறகு கொல்லையில் வேலை இருக்காது. மார்கழி பிறந்ததும் குடகுக்கும் சிக்மகளூருக்கும் காப்பி பறிக்கவும், அதைத் தொடர்ந்து மிளகு பறிக்கவும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வு நடப்பதும் அப்போதுதான். பிறகு அறிவியல் செய்முறைத் தேர்வு, மார்ச் மாதம் பொதுத்தேர்வு என்று வரிசையாக வரும். தோட்டத்துக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வேறு வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்களும் மலையேறி வருவதுண்டு. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் எங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

என் முதல் நன்றி ஒரு மேஸ்திரிக்கு. காப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவருக்குப் பள்ளிக்கூடம் நன்றி சொல்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் ஊரிலேயே விட்டுப் போகும்படி ஐப்பசியில் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து நோட்டை எடுத்துப் பிரித்தார். ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயருக்கும் நேரே எத்தனை ஆள், எவ்வளவு முன்பணம் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நான் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, '5 ஆள்' என்று இருந்ததை '4 ஆள்' என்று திருத்திக்கொண்டே வந்தார். முன்பணத் தொகையில் மட்டும் கை வைக்கவில்லை. "அதை நான் பார்த்துக்கொள்கிறேன், டீச்சர்" என்றார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நானும் கேட்கவில்லை. தோட்டத்தில் இருந்தபடியே இரவில் தம் கைப்பேசியைக் கொடுத்துப் பெற்றோரைப் பிள்ளைகளிடம் பேச வைத்தவரும் அவரே.

பெற்றோர் கிளம்பிய வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பாட்டிகள். பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி தினமும் மாலையில் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, படிப்பு முடியும் வரை தாழ்வாரத்திலேயே புளிக்கு ஓடு நீக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேரன் தலை தொங்கினால் உள்ளே குரல் கொடுப்பார். என் குரலுக்கு அடங்காத பிள்ளைகளும் அந்தக் குரலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மாலைப் படிப்பு என்றால் வெளிச்சம் வேண்டும். எங்கள் மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நல்ல இருட்டு கிடைக்கும் என்றுதான் விஞ்ஞானிகள் இந்த மலையைத் தேடி வந்தார்கள். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு அது வரம். அல்ஜீப்ரா படிக்கிறவர்களுக்கு மின்சாரம் அடிக்கடி நின்றுபோவது பெரிய தொல்லை. திருப்பத்தூரிலிருந்து வந்து பேட்டரி விளக்குகளைப் பொருத்திக் கொடுத்த மின்பணியாளர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை. பேட்டரிக்கான பணத்தைக் கொடுத்தவர்கள் இதே பள்ளியில் படித்து இன்று திருப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள். தை மாதக் குளிரில் பிள்ளைகள் கைகளைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு படித்ததைப் பார்த்துவிட்டுக் கம்பளிகளும் அனுப்பி வைத்தார்கள்.

சத்துணவு மதியத்தோடு சரி. மாலையில் பசிக்குமே என்று சமையலர் அக்கா தம் வேலை நேரம் முடிந்த பிறகும் தங்கி, ஊரார் கொடுத்த சாமையில் உப்புமா கிண்டிப் போட்டார். அவருக்கு நான் என்ன நன்றி சொல்வது! "நாளைக்குக் கறிவேப்பிலை கொண்டு வாருங்கள்" என்பதுதான் அவர் எங்களிடம் எதிர்பார்த்த ஒரே கைம்மாறு.

போளூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பஸ் கட்டணத்தைக்கூட வாங்க மறுத்துவிட்டார். வடிவியலில் அவர் காட்டிய கண்டிப்பைப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. அவர் ஓடி வருவது தெரிந்தால் கடைசி பஸ்ஸை நிறுத்தி வைத்த நடத்துநருக்கும் நன்றி.

தேர்ச்சிக்குப் பிறகு இன்னொரு பள்ளம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும், விடுதியில் சேர வேண்டும், அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் வழங்க முடியும். தாத்தாவின் பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பியவற்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், டிரங்குப் பெட்டிகளில் கிடந்த பழைய பட்டாக்களையும் குடும்ப அட்டைகளையும் தேடி எடுத்து இணைத்துக் கொடுத்தவர் எங்கள் கிராம உதவியாளர். பிள்ளைகள் பிளஸ் ஒன் வகுப்பில் உட்கார்ந்திருப்பதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கு இருக்கும் பங்கைவிட அவருடைய பங்கு குறைந்ததல்ல. வெளியூர் போகவே பயந்த பெண் பிள்ளைகளை முதல் வாரம் தம் அறைக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்ட விடுதிக் காப்பாளர் அம்மாவையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒரு பெண்ணை மட்டும் எங்களால் மேற்கொண்டு அனுப்ப முடியவில்லை. தாயாருக்கு உடல்நலமில்லை, வீட்டில் இருக்கிறாள். அவள் பெயருக்கும் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு சேர்க்கையின்போது அது பயன்படும்.

கம்பளிகளைத் துவைத்துப் பள்ளி அலமாரியில் அடுக்கியிருக்கிறோம். பேட்டரி வாங்கியது போக மீந்த தொகை பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கில் இருக்கிறது. ரசீதுகளைக் குழுத் தலைவியிடம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் தொகையில் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரைபடத்தாளும் வடிவியல் பெட்டியும் வாங்கலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. மறுப்பு இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை