முதலில் கோழி, பிறகு வாத்து

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. அம்மா வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை, கே.ஆர்.புரத்திலிருந்து மெட்ரோவில் போய் வருகிறாள்.

கோழியும் வாத்தும் ஒன்றாகவே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். முதலில் கோழி. அது கைக்குப் பழகியதும் வாத்து, அதுவும் தனிக் கூட்டில், தனித் தண்ணீரோடு. இரண்டும் சண்டை போடுமே என்று நான் சொல்லவில்லை. எல்லாம் தண்ணீர் விஷயம்தான். கோழிக்குஞ்சுக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். உமி ஈரமானால் இரத்தக் கழிச்சல் வரும், ஒன்றுக்கு வந்தால் பத்துக்கும் பரவும். வாத்துக்குஞ்சோ ஒரு வாய் தீவனம் எடுக்கும், உடனே தண்ணீருக்கு ஓடும். அலகில் ஒட்டிய மாவை அலசி, தலையை உதறி, சுற்றிலும் சேறாக்கிவிட்டுத்தான் திரும்பும். அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடாதே. மூக்குத் துவாரம் முழுகும் அளவுக்கு ஆழம் இல்லாவிட்டால் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், கண்ணில் பீளை கட்டும். ஆனால் தாய் இல்லாத குஞ்சை இறகு முளைக்கும்முன் நீந்த விடாதே, நனைந்து விறைத்துப்போகும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வா. எல்.இ.டி. உதவாது, பழைய குண்டு பல்புதான் சூடு தரும். தெர்மாமீட்டரைவிட நான் குஞ்சுகளைத்தான் நம்புவேன். பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவிப் படுத்துத் தூங்கினால் நீயும் போய்த் தூங்கலாம். மார்கழியில் பெங்களூர் ராத்திரிக்கு பல்பை அணைக்கவே முடியாது. உங்கள் திண்டுக்கல் வெயிலில் பகலில் தேவைப்படாது.

வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, 28-ஆம் நாள் மறுபடி. தடுப்பூசி விஷயத்தில் நாள் தள்ளிப்போடாதே வசந்தி. அந்த நோய் வந்துவிட்டால் கூட்டையே காலி செய்துவிடும். மருந்தை ஐஸில் வைத்தே வாங்கி வா.

எந்த இனம் என்றால், எங்கள் ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய கிரிராஜா புறக்கடைக்கு நல்லது. நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும், ஆனால் அடை காப்பதை நம்ப முடியாது. அதனால் குறைந்தது இரண்டு நாட்டுக்கோழி வைத்துக்கொள். பின்னால் வாத்து முட்டையையும் அதே கோழியிடம் அடை வைக்கலாம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் என்பதை மட்டும் கணக்கில் வை. குஞ்சு பொரிக்க அல்ல, சாப்பிடும் முட்டைக்காக மட்டும் என்றால் சேவலே வேண்டாம், அக்கம்பக்கத்துத் தூக்கமும் கெடாது.

வாத்தில் காக்கி கேம்ப்பெல் எடு. பெங்களூர் பக்கத்து ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணையில் அந்த இனம் வைத்திருக்கிறார்கள். 2012 அக்டோபரில் அந்த வளாகத்திலேயே பறவைக் காய்ச்சல் வந்து பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. வாத்து நோயே காட்டாமல் அந்தக் கிருமியைச் சுமக்கும். ஊர்க்குளத்தில் காட்டுப் பறவைகளோடு மேய்ந்து வந்த வாத்தும் உன் கோழியும் ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது. கூடு தனி, தண்ணீர் தனி என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகவும்தான். இன்னொன்று, பூஞ்சை பிடித்த மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோ வாத்துக்கு விஷம். கோழி தாங்கும் அளவைக்கூட அது தாங்காது.

வாத்து விடியற்காலையில் முட்டையிடும், ஒன்பது மணிக்கு முன் திறந்துவிட்டால் வேலிக்குள் தேட வேண்டியதுதான்.

கூடு கட்டும் முன் இடத்தின் நீள அகலம், கிணறு எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்பதையெல்லாம் எழுது. கீரித் தொல்லை உண்டா என்றும் சொல், கம்பி வலையின் கண் அளவை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
கலா