நசுக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்? மருந்து நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: நிஃபெடிபின் ரிடார்ட் 20 மி.கி. மாத்திரை அட்டையில் உள்ள எச்சரிக்கை பற்றி

ஐயா / அம்மா,

என் அப்பாவுக்கு 74 வயது. ரத்த அழுத்தத்துக்கு உங்கள் மாத்திரையைத்தான் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தார். போன மாதம் தொண்டைப் புண்ணால் அவரால் விழுங்க முடியவில்லை. சரி என்று, நானே மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். செம்பழுப்புத் தோலுக்குள்ளிருந்து மஞ்சள் பொடி உதிர்ந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அரை மணி நேரத்தில் அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. நெஞ்சு படபடக்கிறது என்றார். கழிவறைக்கு எழுந்து போனவர் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். வீட்டு மெஷினில் 84/50 காட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையைப் பொடி பண்ணினீங்களா?"

நிஃபெடிபின் ரத்தத்தில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுமாம். அதனால்தான் 12 மணி நேரம் தாங்கும்படி மாத்திரையையே மெதுவாகக் கரையச் செய்கிறீர்கள். நான் நசுக்கியதில் அரை நாளுக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. ஒரு காலத்தில் இதே மருந்தின் கேப்ஸ்யூலை அவசரத்துக்குக் கடித்து நாக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். அழுத்தம் திடீரென விழுந்து பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் அந்த வழக்கத்தையே கைவிட்டார்கள் என்றும் டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் அது கரையவில்லை. ஊறவைத்த சப்ஜா விதைபோல வெளியே வழுவழுப்பாக உப்பியிருந்தது. கத்தியால் வெட்டினால் நடுவில் மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. அந்தப் பசைப் படலம் வழியாகத்தான் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு பக்குவமாகச் செய்த மாத்திரை அது. அதை நசுக்காதே என்று என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், "அட்டையில போட்டிருக்கே மேடம்" என்றார். போட்டிருக்கிறது. வெள்ளித் தாளில், எறும்பு அளவு ஆங்கில எழுத்தில், ஒரே ஓரத்தில். எங்கள் மருந்துக்கடையில் முழு அட்டை வாங்குபவர்கள் குறைவு. ஆறு, எட்டு என்று கத்தரித்துத்தான் தருவார்கள். என் கைக்கு வந்த துண்டில் அந்த வரியே இல்லை. 'ரிடார்ட்' என்ற சொல் மட்டும் இருந்தது. மருந்தை மெதுவாக வெளியிடும் மாத்திரை என்று அதற்குப் பொருளாம். அதை வைத்து நான் என்ன புரிந்துகொள்வது?

'நசுக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்கவும்' என்று அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் தமிழில் அச்சிடுங்கள். இடம் இல்லையென்றால் நசுக்கும் படத்தின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு போதும். எப்போது செய்வீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

அப்பா இப்போது தேறிவிட்டார். டாக்டர் அம்லோடிபினுக்கு மாற்றியிருக்கிறார். அது தானாகவே ஒரு நாளுக்கு மேல் உடம்பில் நிற்குமாம், தேவைப்பட்டால் பொடி செய்தும் கொடுக்கலாமாம். உங்கள் மாத்திரை மிச்சம் நான்கு இருக்கிறது. கத்தரித்த அந்த அட்டையின் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாத்திரையை வாங்கிய ஒரு மகள்